ஆற்றில் இட்ட பொன்



ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது என்பது தமிழகத்தில் பெருவழக்காக உள்ள பழமொழி. ஒருவரின் அறியாமையை எள்ளி உரைப்பதற்கே அது பெரும்பாலும் ஆளப்படுகின்றது. ஆனால் அப்பழமொழி நினைவூட்டும் நிகழ்ச்சியோ அருளின் பெருமையைப் பேசுவது. பழமலை எனவும் திருமுதுகுன்றம் எனவும் பாடல் பெற்ற விருத்தாசலத்தில் சுந்தரர் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டார். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது சைவ மரபு. ஆற்றில் இடுவதற்கு முன்னர் அப்பொன்னில் ஒரு சிறு துண்டினை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார் என்பதும், குளத்தில் கிடைத்த பொன்னை அத்துண்டோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது முதலில் மாற்றுக் குறைந்திருந்தது என்பதும், மீண்டும் பாடிய பின்னரே இரண்டும் ஒத்தன என்பதும் அந்நிகழ்ச்சியின் பிற்பகுதி.

இக்கதையில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒரு நீர்நிலையில் இட்ட பொன் அந்நீர்நிலைக்கே உரியதாக அடங்கி நின்றுவிடுவதில்லை என்பது ஒன்று. வேறிடத்தில் வெளிப்படும் பொன்னை மாற்று உரைத்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. கடவுளின் அன்பு மாந்தர் அனைவர்க்கும் உரியது எனப் பறைசாற்றிய கிறித்தவம், மீட்பு தன் வேலிக்குள் மட்டுமே உண்டு என்றும் பல நூற்றாண்டுகள் கூறி வந்தது. இவ்விரு கூற்றுகளும் எவ்வாறு ஒரே வாயில் பொருந்தின, தமிழ் மண்ணில் அவை எவ்வாறு மோதின, எவ்வாறு இணங்கின என்பதனை மேற்கண்ட இரு செய்திகளின் துணையோடு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இரு கோயில்கள், ஒரு பெயர்

பீங்கான் தொழிலால் இக்காலத்தில் பெயர் பெற்றுள்ள விருத்தாசலம், விருத்தகிரீசுவரர் கோயிலால் பன்னூறு ஆண்டுகளாகப் பெயர் பெற்ற ஊர். அக்கோயில் அம்மையின் திருப்பெயர் பெரியநாயகி. இவ்வூரை அடுத்த முகாசாபரூர்ப் பகுதியில் கோணாங்குப்பம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள கத்தோலிக்கத் திருத்தலத்தில் மரியன்னைக்கு வழங்கும் பெயரும் பெரியநாயகி என்பதே. அத்திருத்தலத்தைத் தோற்றுவித்தவர் வீரமாமுனிவர் எனப்படும் கான்சுடன்சு சோசப்பு பெசுகி. இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு பிறந்து, 1711-ஆம் ஆண்டு மதுரை மறைப்பணிக் களத்திற்கு வந்து, தேம்பாவணி பாடித் தமிழ்க் காப்பிய வரலாற்றில் இடம் பெற்றவர் அவர்.

கோணாங்குப்பத்தின் தல வரலாறு சுவை மிக்கது. முனிவர் வைத்திருந்த அன்னையின் உருவம் காட்டில் காணாமற் போயிற்று என்றும், மகப்பேறின்றி வருந்திய கச்சிராயர் என்னும் குறுநிலத் தலைவர் அன்னையின் அருளால் மகப்பேறு பெற்றுக் கோயில் எழத் துணைநின்றார் என்றும் மக்கள் வழிவழியாகக் கூறுவர். கச்சிராயர் இந்து சமயத்தினர். அவர் மரபினர்க்கு அத்தலத் திருவிழாவில் மரியாதை செய்யும் வழக்கமும் அவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே விளங்குகின்றது. அன்னைக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தையே முனிவர் தெரிந்தெடுத்தார் என்றும் திருத்தல மரபு மொழியும்.

மகவு வேண்டிய ஒரு சைவக் குடும்பத்தின் கண்ணீரும், இத்தாலியத் துறவி ஒருவரின் பக்தியும், முதுகுன்றத்து அம்மையின் பெயரும் ஓரிடத்தில் வந்து கூடியதன் விளைவே கோணாங்குப்பம் எனலாம். மணிமுத்தாற்றில் இட்ட பொன் வேறொரு குளத்தில் வெளிப்பட்டமைக்கு இதனினும் அண்மையான சான்று தேட வேண்டியதில்லை.

அதே பெயரில் ஒரு மறுப்பு

ஆயினும் வரலாறு இவ்வளவு இனிமையாக மட்டும் அமைந்துவிடவில்லை. முதுகுன்றத்துப் பெரியநாயகி அம்மையைப் பாடிய புலவருள் தலைசிறந்தவர் 17-ஆம் நூற்றாண்டினரான துறைமங்கலம் சிவப்பிரகாசர். பெரியநாயகியம்மை விருத்தம், பழமலை அந்தாதி முதலியன அவர் இத்தலத்திற்குச் சூட்டிய மாலைகள். அவரே ஏசுமத நிராகரணம் என்னும் நூலை இயற்றினார் என்பதும் இலக்கிய வரலாறு கூறும் செய்தி. கிறித்தவ சமயத்தை மறுத்தெழுந்த அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. சிவப்பிரகாசரும் வீரமாமுனிவரும் நேருக்கு நேர் வாதிட்டனர் என்று ஒரு கதையும் உலவியது. சிவப்பிரகாசர் முந்திய நூற்றாண்டினர் ஆதலின் கால ஆராய்ச்சி அதனை ஏற்பதில்லை.

மறுபக்கத்தில் வீரமாமுனிவரும் எல்லாச் சமயமும் ஒன்றே என்று உரைத்தவர் அல்லர். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து வேத விளக்கம், பேதகம் மறுத்தல் முதலிய நூல்களை எழுதியவர் அவர். கிறித்துவை வணங்கும் மற்றொரு சபையாரையே வேலிக்கு வெளியே நிறுத்திய அதே கை, திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தது. மரியன்னைக்குப் பெரியநாயகி எனப் பெயரிட்டது. ஒரே மனிதரிடத்தில் வேலியும் இருந்தது, வாயிலும் இருந்தது. கோட்பாட்டில் அவர் எழுப்பிய வேலியை அவருடைய தமிழ் அவரை அறியாமலேயே திறந்துவிட்டது என்பது பொருந்தும். ஒரு மக்களின் மொழியில் அன்பு செலுத்தத் தொடங்கியவர், அம்மக்கள் பல நூற்றாண்டுகளாக அன்பு செலுத்தி வந்த பெயர்களை எவ்வாறு வெளியே நிறுத்த முடியும்?

மறைநூலின் இரு குரல்கள்

சமயத் தனியுரிமை பேசுவோர்க்கு விவிலியத்தில் சான்று இல்லாமல் இல்லை. வழியும் உண்மையும் வாழ்வும் தாமே என்று இயேசு மொழிந்ததாக யோவான் நற்செய்தி கூறுகின்றது. வேறு எப்பெயராலும் மீட்பு இல்லை எனப் பேதுரு உரைத்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகின்றது. இவற்றை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது.

ஆனால் அந்நூலிலேயே மற்றொரு குரலும் ஓங்கி ஒலிக்கின்றது. நினிவே மாநகரம் இசுரயேலரின் பகைவரான அசீரியரின் நகரம். அங்குச் சென்று எச்சரிக்குமாறு யோனா அனுப்பப்பட்டார். நகரத்தார் மனம் திருந்தினர். கடவுள் அவர்களை மன்னித்தார். அதனைக் கண்டு மகிழ வேண்டிய இறைவாக்கினர் சினம் கொண்டார். நகரத்தின் இலட்சத்திற்கும் மேற்பட்ட மாந்தர் மீதும், அங்குள்ள கால்நடைகள் மீதும் தாம் இரங்கலாகாதா என்று கடவுள் வினவுவதோடு அந்நூல் முடிகின்றது. யோனா என்ன விடை கூறினார் என்பதனை நூல் சொல்லவில்லை. அவ்வினா படிப்பவர் ஒவ்வொருவரையும் நோக்கி அப்படியே நிற்கின்றது.

பேதுருவின் நிகழ்ச்சியும் இத்தகையதே. வேறு பெயரால் மீட்பு இல்லை என்று உரைத்த அதே பேதுரு, யோப்பா நகரில் ஒரு காட்சி கண்டார். தூய்மையற்றது எனத் தம் இனத்தார் ஒதுக்கியதைக் கடவுள் ஒதுக்கவில்லை என்பது அக்காட்சியின் பொருள். அதன் பின்னரே அவர் கொர்நேலியு என்னும் உரோமைப் படைத்தலைவரின் இல்லத்தில் காலடி வைத்தார். கடவுள் ஆள்பார்த்துச் செயல்படுவதில்லை என்பதனை அங்கு உணர்ந்தார். கொர்நேலியுவின் மனமாற்றத்தைக் காட்டிலும் பேதுருவின் மனமாற்றமே அந்நிகழ்ச்சியில் பெரிது.

காயமுற்றுக் கிடந்தவனைக் கண்டும் குருவும் லேவியரும் விலகிச் செல்ல, புறம்பானவர் என இகழப்பட்ட சமாரியர் ஒருவரே அயலார் ஆனார் என்னும் உவமையையும் இங்கு இணைத்து நோக்கலாம். மகளுக்காக மன்றாடிய கனானியப் பெண்ணிடம் இயேசு முதலில் மறுப்பே மொழிகின்றார்; அவளுடைய விடாப்பிடியான நம்பிக்கையைக் கண்டு வியந்து அருள் புரிகின்றார். வேலி தாண்டி வந்தது அவளுடைய தாய்மை. அதற்கு வழி திறந்தது இறையன்பு. விவிலியத்தில் கடவுளின் அன்பு எப்பொழுதும் அவருடைய அடியார்களின் மனத்தைவிட ஓரடி முன்னே நடக்கின்றது.

கோட்பாடு நடந்து வந்த வழி

திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்னும் கருத்தினை 3-ஆம் நூற்றாண்டில் வலியுறுத்தியவர் கார்த்தேசு நகர ஆயர் சிப்பிரியான். சபையைப் பிளந்து சென்றவர்களை எண்ணியே அவர் அதனைக் கூறினார். தொலைவில் வாழ்ந்த பிற சமயத்தவரை எண்ணி அன்று. குடும்பச் சண்டையில் பிறந்த அச்சொல் பிற்காலத்தில் உலகம் முழுமைக்கும் உரிய தீர்ப்பாக விரிந்தது. 1442-ஆம் ஆண்டு புளோரன்சு திருச்சங்கம் பிற சமயத்தார், யூதர், சபையைப் பிரிந்தோர் ஆகிய அனைவரும் இறப்பதற்கு முன் சபையில் சேராவிடின் நிலைவாழ்வு எய்தார் என அறிவித்தது. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கொலம்பசு அமெரிக்கக் கண்டத்தை அடைந்தார். கிறித்துவின் பெயரைக் கேட்கவே வாய்ப்பில்லாத மக்கள் கடலுக்கப்பால் எண்ணற்றோர் வாழ்ந்தனர் என்பது அப்பொழுது ஐரோப்பாவிற்குத் தெரியவந்தது. சின்ன உலகத்திற்குத் தைத்த சட்டை பெரிய உலகத்திற்குப் பற்றாமற் போயிற்று.

20-ஆம் நூற்றாண்டில் இக்கோட்பாட்டிற்கு நேர்ந்த ஒரு முரண் எண்ணத்தக்கது. அமெரிக்காவின் பாசுடன் நகரில் லெனார்டு பீனி என்னும் குருவானவர், வெளிப்படையாகக் கத்தோலிக்கர் அல்லாத எவர்க்கும் மீட்பு இல்லை என்று கடுமையாகப் போதித்தார். அத்தகைய கடும்பொருள் தவறு என உரோமை 1949-ஆம் ஆண்டு விளக்கியது. அழைப்பிற்குக் கீழ்ப்படிய மறுத்தமையால் 1953-ஆம் ஆண்டு அவர் சபையினின்றும் விலக்கப்பட்டார். வெளியே மீட்பில்லை என்றவரே வெளியே நிற்க நேர்ந்தது. பின்னர் 1972-ஆம் ஆண்டு அவர் மீண்டும் சபையோடு ஒப்புரவானார்.

இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று பிற சமயங்கள் பற்றிய அறிக்கையினை வெளியிட்டது. 2,221 பேர் ஆதரித்தும் 88 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். பிற சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்பது அதன் சாரம். தன் குற்றமின்றிக் கிறித்துவை அறியாதிருந்தும் நேரிய நெஞ்சோடு கடவுளைத் தேடுவோர் மீட்படையக்கூடும் என்பதனை அச்சங்கம் அதற்கு முந்திய ஆண்டிலேயே வேறோர் ஏட்டில் உரைத்திருந்தது. ஆனால் வாயில் முற்றும் திறந்துவிட்டது எனக் கொள்வதற்கில்லை. 2000-ஆம் ஆண்டில் உரோமையினின்று வெளிவந்த மற்றோர் அறிக்கை, பிற சமயத்தார் இறையருளைப் பெறக்கூடும் எனினும் அவர்தம் நிலை பெருங்குறை உடையது என மொழிந்தது. அன்பின் குரலும் வேலியின் குரலும் இன்னும் ஒரே சபையில் உரையாடிக்கொண்டுதான் இருக்கின்றன.

தாம்பரத்தில் எழுந்த வினா

சீர்திருத்தச் சபைகளும் இவ்வினாவினின்று தப்பவில்லை. தரங்கம்பாடிக்கு 1706-ஆம் ஆண்டு வந்த சீகன்பால்கு தமிழ் நீதிநூல்கள் சிலவற்றை இரண்டே ஆண்டுகளில் செருமன் மொழியில் பெயர்த்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ஆம் ஆண்டு ஒரு பெருநூலும் எழுதி முடித்தார். அனுப்பியவர்களோ அதனை அச்சிட விரும்பவில்லை. பிற சமயங்களை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அவற்றை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்தம் தயக்கம். 1867-ஆம் ஆண்டில்தான் அந்நூல் சென்னையில் அச்சேறியது. அன்போடு கேட்ட ஒரு செவியின் ஏடு ஒன்றரை நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது.

அதே தயக்கம் உலக அரங்கில் வெளிப்பட்ட இடம் சென்னையை அடுத்த தாம்பரம். 1938-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அனைத்துலக மறைப்பணி மாநாடு அங்குள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கூடியது. அம்மாநாட்டிற்கென என்றிக் கிரேமர் என்னும் டச்சு அறிஞர் நூலொன்று எழுதியிருந்தார். கிறித்துவில் வெளிப்பட்ட இறைவெளிப்பாட்டிற்கும் உலகச் சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்பது அவர் வாதம். சென்னைக் கிறித்தவர்களான செஞ்சையா, சக்கரை முதலியோர் அதற்கு மறுமொழியாக அவ்வாண்டிலேயே ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிட்டனர். இந்து சமய மரபில் பிறந்து வளர்ந்து கிறித்துவை ஏற்றவர்கள் அவர்கள். தம் முன்னோரின் ஆன்மிக வாழ்வு முழுவதும் வெறும் இருள் என்று கூற அவர்கள் நெஞ்சு இடந்தரவில்லை. அக்கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய ஆல்பிரடு சார்சு ஆகு என்னும் இசுகாத்லாந்து அறிஞரும் கிரேமரோடு உடன்படவில்லை. பிற சமயத்தார் நம்பிக்கையிலும் கடவுளோடு கொண்ட உண்மையான உறவு உண்டு என்பதனை மாணவரோடு பழகியே கண்டுகொண்டவர் அவர்.

இங்கு ஒன்று புலனாகின்றது. பிற சமயத்தாரைத் தொலைவினின்று எண்ணிப் பார்த்தவர்க்கு வேலி எளிதாக இருந்தது. அவர்களோடு ஒரே வகுப்பறையில் அமர்ந்தவர்க்கும், அவர்தம் வயிற்றில் பிறந்தவர்க்கும் அது எளிதாக இல்லை.

மாயூரத்து நடுவர்

தமிழ்க் கிறித்தவருள் இம்முரணைத் தம் வாழ்வாலேயே தீர்த்துக் காட்டியவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு பிறந்து 1889-ஆம் ஆண்டு மறைந்த அவர் வாழ்நாள் முழுதும் கத்தோலிக்கராகவே இருந்தவர். தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை, பெரியநாயகி அம்மாள் பதிகம் என அவருடைய பக்தி நூல்கள் பல. கோணாங்குப்பம் வழங்கிய அப்பெயர் ஒரு நூற்றாண்டிற்கு மேல் கடந்து அவர் நாவிலும் ஒலித்தமை கருதத்தக்கது.

அத்தகையவர் 1878-ஆம் ஆண்டு சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். எச்சமயத்தவரும் தயங்காது பாடத்தக்கவாறு, ஒரு சமயத்திற்கே உரிய பெயர்களைத் தவிர்த்து, எல்லார்க்கும் பொதுவான இறைவனை முன்னிலைப்படுத்தி அவற்றை இயற்றினார். அவை வெறும் ஏட்டுச் சமரசம் அல்ல. 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தவர் அவர். கஞ்சிக் கலயத்தோடு நின்றவரிடம் எச்சமயம் என்று அவர் கேட்கவில்லை. நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வள்ளன்மையைப் பாடிப் போற்றினார். சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை குளத்தூர்க் கோவை என்னும் நூலை அவர்மீது பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோடு அவர் கொண்ட நட்பினை உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

கீர்த்தனைகளை எழுதியதனால் வேதநாயகரின் கத்தோலிக்கம் குறையவில்லை. கத்தோலிக்கராக இருந்தமையால் அவருடைய அன்பும் சுருங்கவில்லை. தன் சமயத்தை உண்மை எனப் பற்றுவது குற்றம் அன்று. கடவுளின் அன்பிற்குத் தானே எல்லை குறிப்பதுதான் குற்றம் என்பதனை அவர் வாழ்வு தெளிவாக உணர்த்துகின்றது. தாயை நேசிப்பவன் அயல்வீட்டுத் தாயைத் தாயல்லள் என்று மறுக்க வேண்டியதில்லை.

உள்ளே எழுந்த சுவர்

இதுவரை கூறியன வேலிக்கு வெளியே நின்றவரைப் பற்றியன. வேலிக்கு உள்ளேயும் ஒரு சுவர் எழுந்தது. பொன்னை மாற்று உரைத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

மதுரைக்கு 1606-ஆம் ஆண்டு வந்த இராபர்ட் தெ நொபிலி, கிறித்தவராவதற்குத் தமிழர் தம் பண்பாட்டைத் துறக்க வேண்டியதில்லை என வாதிட்டார். அவர் நிலையினைத் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி 1623-ஆம் ஆண்டு பெரிதும் ஏற்றுக்கொண்டார். அது வேலியைத் தளர்த்திய செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பண்பாடு என்னும் பெயரோடு சாதியும் உள்ளே நுழைந்தது. உயர்சாதியார்க்கென ஒரு வகைத் துறவியரும், ஏனையோர்க்கென வேறு வகைத் துறவியரும் பணியாற்றினர். அயல் சமயத்தின் பெயருக்கும் உடைக்கும் இடம் தந்த சபையில், ஞானநீராட்டுப் பெற்ற உடன்பிறப்பிற்கு ஒரே இருக்கையில் இடம் இல்லாமற் போயிற்று.

தென்கோடியில் உள்ள வடக்கன்குளம் ஆலயம் அதற்குக் கல்லால் அமைந்த சான்று. 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த அவ்வாலயம் ஒரே பீடத்தை நோக்கிய இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. சாதியார் ஒரு கிளையிலும் ஏனையோர் மற்றொரு கிளையிலும் இருந்து வழிபட்டனர். இடையே சுவர் நின்றது. 1910-ஆம் ஆண்டு அச்சுவர் அகற்றப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அப்பம் ஒன்று, பீடம் ஒன்று, கடவுள் ஒருவர். முழந்தாளிடும் இடம் மட்டும் இரண்டு.

அது பழங்கதை என ஆறுதல் கொள்ள இயலவில்லை. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எறையூர், இப்பகுதியின் பழமையான கத்தோலிக்க ஊர்களுள் ஒன்று. அங்குத் தலித் கிறித்தவர்கள் தம் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக ஏற்குமாறு வேண்டினர். 2008-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது தொடர்பாக மூண்ட கலவரத்தில் வீடுகள் சூறையாடப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தாக்கியவரும் தாக்குண்டவரும் ஒரே அன்னையின் முன் செபமாலை உருட்டியவர்கள். வெளியாருக்கு மீட்பு உண்டா என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட ஒரு சமயம், உள்ளிருப்பவர்க்கு மரியாதை உண்டா என்னும் வினாவிற்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கின்றது. பிற சமயத்தாரோடு சமரசம் பேசும் மேடைகளும் இவ்வினாவினைத் தாண்டிச் செல்ல முடியாது. அயல் கோயிலுக்கு மாலை அனுப்பிவிட்டு அடுத்த தெருவிற்கு வழி மறிப்பது மாற்றுக் குறைந்த பொன்னே.

ஒரு சொல்லின் பயணம்

நம்பிக்கை தரும் அடையாளம் ஒன்று தமிழ் மொழியிலேயே காணக் கிடைக்கின்றது. இறைவனைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவர் ஆண்ட சொற்களின் வரலாறே அது. தொடக்க காலத்தில் சர்வேசுரன் என்னும் சொல் வழங்கியது. பப்ரிசியுசு தம் மொழிபெயர்ப்பில் பராபரன் என்னும் சொல்லைக் கொண்டார். 19-ஆம் நூற்றாண்டின் திருத்தப் பதிப்பில் தேவன் என்னும் சொல் நிலைபெற்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள் என்னும் சொல் இடம்பெற்றது.

முந்திய சொற்களும் இந்நாட்டுச் சொற்களே. எனினும் கடவுள் என்பது சைவரும் வைணவரும் சமண பௌத்த நூலாசிரியரும் ஆண்ட சொல். சங்கப் பாடல்கள் தொட்டு வழங்கும் சொல். எந்தச் சமயமும் தனக்கே உரியது என்று அதற்குப் பட்டா எழுதிக்கொள்ளவில்லை. தன் இறைவனை எல்லாரும் அழைக்கும் பெயராலேயே அழைக்க முன்வந்த சபை, அவர் எல்லார்க்கும் உரியவர் என்பதனையும் ஒப்புக்கொண்டது எனலாம். வீரமாமுனிவர் பெரியநாயகி என்னும் பெயரால் தொடங்கிய பணியின் நீட்சியாகவே இதனைக் கொள்ளத் தோன்றுகின்றது.

குயவன் கையில்

மண்ணையும் சூளையையும் அறிந்த ஊர் விருத்தாசலம். அதற்கு அண்மையான விவிலிய உவமை குயவனும் மண்ணும் பற்றியது. ஒரே பிசைமண்ணினின்று மதிப்பான கலம் ஒன்றும் மதிப்பற்ற கலம் ஒன்றும் செய்யக் குயவனுக்கு உரிமை இல்லையா என்று உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தில் பவுல் வினவுகின்றார். சிலரை வாழ்விற்கும் சிலரை அழிவிற்கும் கடவுள் முன்னரே பிரித்துவிட்டார் எனக் கூறுவோர் இவ்வுவமையையே படைக்கலமாக எடுத்து ஆண்டனர். ஆனால் பவுல் அவ்வுவமையோடு நிறுத்தவில்லை. மூன்று அதிகாரங்கள் நீளும் அவ்வாதம் எங்கே சென்று முடிகின்றது? எல்லார்மீதும் இரக்கம் காட்டுவதே கடவுளின் கருத்து என்னும் இடத்தில் முடிகின்றது. உவமையில் பாதியைப் படித்தவர் வேலி கட்டினர். முழுவதும் படித்தவர்க்கு வேலி நிற்கவில்லை.

பீங்கான் தொழிலறிந்தவர்க்கு மற்றொன்றும் தெரியும். அகலாயினும் பொம்மையாயினும் மின்கருவியின் உறுப்பாயினும், வடிவம் எதுவாயினும் சூளையின் வெப்பத்திற்கு ஆட்பட்டே உறுதி பெறும். வண்ணப் பூச்சினைக் கண்டு கலத்தின் உறுதியை முடிவு செய்பவர் இல்லை. சமயங்களின் பெயரும் வடிவமும் பலவாக இருக்கலாம். அவற்றைச் சுட்டுப் பார்க்கும் நெருப்பு ஒன்றே. பசித்தவன் முன்னும், ஒதுக்கப்பட்டவன் முன்னும், வேற்று நம்பிக்கை உடையவன் முன்னும் அச்சமயத்தார் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதே அந்நெருப்பு.

மணிமுத்தாற்றில் இட்ட பொன் கமலாலயத்தில் கிடைத்தபோது சுந்தரர் அதனை வாரி எடுத்துக்கொண்டு இல்லம் ஏகவில்லை. கையில் இருந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார். கிறித்தவத்தின் கையிலும் ஒரு மச்சம் உண்டு. சமாரியரை அயலாராகக் கண்ட உவமை, கனானியப் பெண்ணின் மகள் பெற்ற நலம், கொர்நேலியுவின் வாயிற்படியில் பேதுரு வைத்த காலடி ஆகியன அம்மச்சம். கோணாங்குப்பம் அதனோடு ஒத்தது. மாயூரத்துக் கஞ்சிக் கலயம் ஒத்தது. வடக்கன்குளத்துச் சுவரும் எறையூர்க் கலவரமும் ஒக்கவில்லை. மாற்றுக் குறைந்தபோது சுந்தரர் பொன்னை எறிந்துவிடவும் இல்லை, குறையை மறைக்கவும் இல்லை. இரண்டும் ஒக்கும் வரை பாடினார். சமயங்கள் செய்ய வேண்டியதும் அதுவே.